டிராலர் படகும் கிணற்று எஞ்சினும்

டிராலர் யாட் என்பது மீன்பிடி விசைப்படகின் உடம்பில் கட்டிய வீடு. கனத்த அடிப்பாகம், அலையில் ஏறி இறங்கும் உயர்ந்த அணியம் (முன்முனை), நிமிர்ந்து நிற்கும் ஓட்டுநர் அறை, வயிற்றின் நடுவில் நிதானமாக ஓடும் டீசல் எஞ்சின், எல்லாம் விசைப்படகிலிருந்து வந்தவை. மீனும் ஐஸும் கிடந்த இடத்தில் கட்டிலும் சமையல் மேடையும் வந்திருக்கும். வலை இராது, வலை இழுக்கும் வின்ச்சும் இராது. குறைந்த டீசலில் நெடுந்தூரம் போவதும், போகிற வழியெல்லாம் ஆளைக் குடிவைத்துக் காப்பாற்றுவதும் இதன் வேலை. 1960-களில் தொடங்கி 1980-கள் முடியக் கட்டப்பட்டவற்றைப் பழைய டிராலர் என்று படகுத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

இங்கே நினைவுகூரப்படும் படகு 1981-ல் தைவானில் கட்டப்பட்டது. நீளம் 40 அடி, அகலம் பதிமூன்றரை அடி, எடை ஏறக்குறைய 15 டன், ஒற்றை எஞ்சின். 1990-களின் பின்பாதியில் அது சிங்கப்பூரின் மேற்குக் கரையில் ஒரு மரினாவில் கட்டிக் கிடந்தது. மூன்றரை ஆண்டு அதைப் பராமரித்தவர் ராஜபாளையத்திலிருந்து போன ஒரு மெக்கானிக். கடலுக்கும் அவருடைய ஊருக்கும் சம்பந்தம் கிடையாது. மேற்கே மலை, கிழக்கே கரிசல் காடு. ராஜபாளையத்துக்காரருக்குக் கடல் என்றால் திருச்செந்தூர் போன அன்று பார்த்ததுதான். ஆனாலும் சேத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக் கிணறுகளில் ஆயில் எஞ்சின் பழுது பார்த்துப் பழகிய கை அவருடையது. அந்தப் படகுக்கு வேண்டியிருந்ததும் அந்தக் கைதான். ஓடிய மணி, குடித்த டீசல், மாற்றிய பாகம் என்று அவர் எழுதிவைத்த நீலநிற அட்டை நோட்டின் கணக்குகளே இந்தப் பக்கங்களில் வருகின்றன.

இந்த வகைப் படகுக்குப் பேர் வாங்கித் தந்ததில் இரண்டு கதைகள் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ராபர்ட் பீபி, பாய் இல்லாமல் எஞ்சினை மட்டும் நம்பிச் சிறிய படகில் பெருங்கடலைக் கடக்கலாம் என்று கணக்குப் போட்டு, பேசேஜ்மேக்கர் என்ற 50 அடிப் படகை வடிவமைத்தார். அது கட்டப்பட்டது சிங்கப்பூரில், தார்னிக்ராஃப்ட் பட்டறையில். 1963-ல் அங்கிருந்து புறப்பட்டு இந்தியப் பெருங்கடலையும் செங்கடலையும் தாண்டிக் கிரேக்கம் போய்ச் சேர்ந்தது. அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய 'வாயேஜிங் அண்டர் பவர்' 1975-ல் வெளிவந்தது. நெடுந்தூர விசைப்படகுக்காரர்கள் இன்றும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு கதை ஹாங்காங்கில் நடந்தது. அமெரிக்கன் மரீன் என்ற பட்டறை 1965-லிருந்து கிராண்ட் பேங்க்ஸ் என்ற பெயரில் மரப் படகுகளைக் கட்டத் தொடங்கியது. 1968-ல் சிங்கப்பூரிலும் பட்டறை போட்டது. 1973-ல் மரத்தை விட்டு ஃபைபருக்கு மாறியது. அதையொட்டித் தைவானில் பல பட்டறைகள் கிளம்பின. நடுத்தர வசதிக்காரரும் வாங்கக்கூடிய டிராலர்கள் நூற்றுக்கணக்கில் அங்கிருந்து வெளியேறின. நீல நோட்டுப் படகு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

அடிப்பாகத்திலிருந்து தொடங்க வேண்டும். படகின் குணம் முழுவதும் அங்கேதான் முடிவாகிறது. டிராலரின் அடிப்பாகம் தண்ணீரை விலக்கிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்தே போகும். வேகப் படகைப்போல் தண்ணீருக்கு மேல் எழும்பிச் சறுக்காது. நகரும்போது அணியத்தில் ஓர் அலை எழும்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீளுகிறது. ஒரு கட்டத்தில் ஒரு முகடு அணியத்திலும் அடுத்த முகடு பின்பக்கத்திலும் வந்து நிற்க, படகு இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் அமர்ந்துவிடும். அதற்கு மேல் வேகம் கேட்டால் தான் எழுப்பிய அலையின்மீதே அது ஏற வேண்டும். 15 டன் உடம்பை அப்படி ஏற்ற 120 குதிரைத்திறன் காணாது. இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் உச்சவேகம் வரும். இந்தப் படகின் நீர்மட்ட நீளம் 36 அடி. வர்க்கமூலம் 6, பெருக்கினால் 8 நாட். மணிக்கு 15 கிலோமீட்டர். மிதிவண்டியை அழுத்தி மிதித்தால் கிடைக்கிற வேகம்தான்.

அந்த 8 நாட்டையும் எட்டிப் பிடிக்க நினைக்காமல் இருப்பதில்தான் லாபம். நோட்டில் பல பயணங்களின் சராசரி இப்படி வருகிறது: 6 நாட்டில் மணிக்கு 6 லிட்டர் டீசல், 7 நாட்டில் 9 லிட்டர், 8 நாட்டில் 17 லிட்டர். கடைசி ஒரு நாட்டுக்காக டீசல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இரண்டு தொட்டியும் சேர்ந்து 1,500 லிட்டர் பிடிக்கும். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டு, மிச்சம் 1,200 லிட்டரில் கணக்குப் போட்டால் 6 நாட்டில் 1,200 கடல் மைல் போகலாம், 7 நாட்டில் 930, 8 நாட்டில் வெறும் 565. கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆகவே நிதானமாக ஓட்டுகிறவருக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கையில் இருக்கிறது. அவசரப்படுகிறவருக்கு அதில் பாதிகூடத் தேறாது.

அடிப்பாகத்தின் நடுவில், முன்னிருந்து பின்வரை, ஏரா ஓடுகிறது. மரினாவில் இன்னொரு படகில் வேலை பார்த்த மண்டபத்துக்காரர் ஒருவர்தான் அந்தச் சொல்லை மெக்கானிக்குக்குக் கற்றுக்கொடுத்தவர். அணியம், ஏரா, நீரோட்டத்துக்கு நீவாடு எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை. ப்ரொப்பல்லரை அவர் காத்தாடி என்பார். படகைக் கிரேனில் தூக்கி நிறுத்திய நாளில், பாசியும் கொட்டலசும் அப்பிய அடிவயிற்றைக் கையால் தடவிக்கொண்டே காட்டினார்.

"இதப் பாரு தம்பி, முழு ஏரா. காத்தாடியும் சுக்கானும் இதுக்குப் பின்னால ஒளிஞ்சு கெடக்கு. தரை தட்டுனாலும் ஏராதான் வாங்கும், காத்தாடிக்கு ஒண்ணும் ஆவாது."

"அண்ணே, வலை சுத்துனா?"

"சுத்தும். ஆனா லேசுல சுத்தாது."

ஏராவின் பயன் அதோடு முடியவில்லை. பின்னிருந்து வரும் அலையில் படகு திசைமாறித் திரும்பிவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். கையை எடுத்தாலும் கொஞ்ச தூரம் நேராகப் போகும். ஆழமற்ற மலேசியக் கழிமுகங்களில் நாலரை அடித் தண்ணீர் இருந்தால் போதும், படகு மிதந்துவிடும்.

எஞ்சின் ஃபோர்டு லேமன், 120 குதிரைத்திறன். பழைய டிராலர் என்றாலே இந்த எஞ்சினை நினைக்கும் அளவுக்கு அது பரவியிருந்தது. இங்கிலாந்தில் லாரிக்கும் பண்ணை இயந்திரங்களுக்கும் ஃபோர்டு தயாரித்த ஆறு சிலிண்டர், 6.2 லிட்டர் டீசல் எஞ்சினை வாங்கி, கடல் தண்ணீருக்கு ஏற்றபடி குளிர்விக்கும் பாகங்களை மாட்டி விற்றது அமெரிக்காவின் லேமன் நிறுவனம். லாரி எஞ்சினைப் படகில் இறக்குவது நம் கடற்கரையில் புதிதில்லை. அசோக் லேலண்ட் எஞ்சின் போட்ட விசைப்படகுகள் தமிழ்நாட்டின் மீன்பிடித் துறைமுகங்களில் உண்டு. லேமனில் டர்போ கிடையாது, எலெக்ட்ரானிக் பெட்டி கிடையாது. முழுத் திறனுக்கு நிமிடத்துக்கு 2,500 சுற்று வேண்டும். இந்தப் படகில் 1,700-க்கு மேல் அதை விரட்டியதே அபூர்வம். அதனால்தான் இந்த எஞ்சின்கள் பத்தாயிரம் மணி தாண்டியும் ஓடுகின்றன. நிறுத்துவதற்கு ஒரு கம்பியை இழுத்தால் போதும். ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்டே வேண்டாம். பேட்டரி செத்தாலும் டீசலும் காற்றும் இருக்கிறவரை ஓடும்.

கிணற்று எஞ்சின் பழகியவருக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. தோப்பில் இருந்தது ஒற்றை சிலிண்டர், ஐந்து குதிரைத்திறன், பெரிய ஃபிளைவீல். லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்று சுற்றென்று சுற்றி, வேகம் பிடித்ததும் லிவரை விட்டால் 'டுப்' என்று முதல் அடி விழும். பிறகு விடிய விடிய ஓடும். கிணற்றுத் தண்ணீரிலேயே கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாயில் பிரித்து எஞ்சின் உடம்புக்குள் விட்டு வெளியே கொட்டவிடுவார்கள். கொட்டுகிற தண்ணீரில் கை வைத்துப் பார்த்தே எஞ்சினின் உடல்நிலை சொல்லிவிடலாம். கை பொறுக்கும் சூடு என்றால் சரி. கை சுட்டால் நிறுத்த வேண்டும்.

படகிலும் அதே ஏற்பாடுதான், ஒரு படி கூடுதல். எஞ்சினுக்குள் சுற்றுவது நன்னீர். அந்த நன்னீரின் சூட்டை ஒரு குழாய்க்கூட்டின் வழியே வாங்கிக்கொண்டு போவது கடல்நீர். உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் நேராகப் போனால் சில வருஷங்களில் அரித்துத் தின்றுவிடும் என்பதால் இந்த இரட்டைச் சுற்று. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள, விரல் தடிமனில் ஒரு துத்தநாகத் தண்டு அந்தக் குழாய்க்கூட்டில் திருகியிருக்கும். மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். கடைசியில் கடல்நீர் புகையோடு கலந்து பின்பக்கக் குழாய் வழியாகக் கடலிலேயே விழும். எஞ்சின் ஓடியதும் மெக்கானிக் முதலில் எட்டிப் பார்த்தது அந்தக் குழாயைத்தான். 'சொத் சொத்' என்று தண்ணீரைத் துப்பினால் அன்றைய நாள் நல்ல நாள்.

துப்பாத நாள் ஒன்று வந்தது. போர்ட் டிக்சனுக்குத் தெற்கே, கரையிலிருந்து மூன்று மைலில், 82 டிகிரியில் நிற்கும் முள் 90-ஐத் தாண்டியது. "அண்ணே, பின்னால தண்ணி துப்புதா பாருங்க" என்று கீழிருந்து கத்த, துணைக்கு வந்திருந்த மண்டபத்துக்காரர் குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். எஞ்சினை நிறுத்தியாயிற்று. ஆழம் குறைவு என்பதால் நங்கூரம் விழுந்த இடத்திலேயே பிடித்தது. கடல்நீர் உறிஞ்சும் வாயின் வால்வை மூடி வடிகட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, சுருட்டி வைத்த துணி மாதிரி. அதை எடுத்த பிறகும் தண்ணீர் வரவில்லை. பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் வறட்சியில் ஓடி, ஆறு இதழில் இரண்டு பிய்ந்து போயிருந்தது. மாற்று இம்பெல்லர் கையில் இருந்தது. பிய்ந்த இதழ்களைத் தேடி எடுக்கத்தான் நேரம் பிடித்தது; எடுக்காமல் விட்டால் அவை குழாய்க்கூட்டில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு இதழ் உடனே கிடைத்தது. மற்றொன்று வளைவுக் குழாய்க்குள் போயிருந்தது. நாற்பத்தைந்து நிமிடம் கழித்துப் படகு மறுபடி துப்பியது. அன்றிலிருந்து மூன்று இம்பெல்லர்கள் இல்லாமல் அது மரினாவை விட்டுக் கிளம்பியதில்லை.

இந்த எஞ்சினுக்கே உரிய ஒரு பராமரிப்பு உண்டு. சிம்ஸ் டீசல் பம்புக்குள் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். எஞ்சின் எண்ணெயோடு அதற்குத் தொடர்பு கிடையாது. 50 மணிக்கு ஒருமுறை அதைத் தனியாக மாற்ற வேண்டும். தெரியாதவர்கள் எஞ்சின் எண்ணெயை மட்டும் ஒழுங்காக மாற்றிக்கொண்டு, விலை உயர்ந்த பம்பைத் தேய்த்துவிடுகிறார்கள். டீசல் ஃபில்டர் மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடிக்க அடிக்க, நுரையாக வந்த டீசல் கண்ணாடி போலத் தெளிந்து வழியும். அப்போது திருகை இறுக்கலாம். ராஜபாளையத்து லாரிப் பட்டறைப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அலையில் ஆடும் எஞ்சின் அறையில், நாற்பது டிகிரிச் சூட்டில், டீசல் வாடையில் செய்வதுதான் வித்தியாசம்.

ஒற்றை எஞ்சினில் கரை சேர்ப்பது தனிக் கலை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு அதன் சிரமத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நகர்த்துவதற்கு ஆயிரம் பேர் வடம் பிடிக்க வேண்டியிருந்த தேர், நகர்ந்த பிறகு தன் போக்கில் வரும். சக்கரத்தின் முன்னால் முட்டுக்கட்டையோடு நிற்பவர்தான் அதைத் திருப்புகிறார், நிறுத்துகிறார். கட்டையை எந்தக் கணத்தில், எந்தச் சாய்வில் போடுவது என்பது அவர் உடம்புக்குத் தெரியும். 15 டன் படகுக்கும் பிரேக் கிடையாது. ரிவர்ஸ் கியர்தான் முட்டுக்கட்டை. ரிவர்ஸில் போட்டதும் காத்தாடி சுற்றும் திசையால் பின்பக்கம் ஒரு பக்கமாக நழுவும். இந்தப் படகில் அது இடப்பக்கம். ஆகவே இடப்பக்கம் கரை இருக்கும்படி, சின்னச் சாய்வில் மெதுவாக வந்து, ஒரு படகு நீளம் இருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் தானாகவே கரையோடு ஒட்டிக்கொள்ளும். வலப்பக்கம் கட்ட வேண்டி வந்தால் அதே குணம் எதிரியாகும். உயரமான மேல்கட்டு காற்றை வாங்குவதால் குறுக்குக் காற்றுள்ள நாளில் இன்னும் கடினம். முதல் ஆறு மாதம் படகைக் கரை சேர்க்கவே மெக்கானிக் மறுத்தார். மண்டபத்துக்காரர் மேலே நின்று செய்தார். இவர் கயிறு வீசினார்.

பழைய டிராலரின் பெரிய குறை உருளல். அடிப்பாகம் உருண்டையாக இருப்பதால் எதிர் அலையிலும் பின் அலையிலும் சாதுவாகப் போகும் படகு, பக்கவாட்டு அலையில் தொட்டில் போல ஆடும். அலை பெரிதாகக்கூட வேண்டாம்; படகு இயல்பாக ஆட எடுத்துக்கொள்ளும் நேரமும் அலைகள் வரும் இடைவெளியும் ஒன்றானால் ஒவ்வொரு அலையும் முந்தைய ஆட்டத்தைக் கூட்டிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போன்றது அது. பினாங்கைத் தாண்டி வடக்கே போனபோது ஒரு பிற்பகல் முழுவதும் இப்படி நடந்தது. சமையலறைத் தட்டுகள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தன. நீல நோட்டின் அன்றைய பக்கத்தில் எழுத்துகள் கோடு தாண்டிப் போயிருக்கின்றன, ஒரு வரி மேலே ஏறி அடுத்த வரியில் மோதுகிறது.

இதற்கு மருந்துகள் உண்டு. பீபி தன் படகில் இரு பக்கமும் நீண்ட கழிகளை நீட்டி, அவற்றிலிருந்து மீன் வடிவ எடைகளைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனார். படகு ஒரு பக்கம் சாயும்போது மறுபக்கத்து மீன் தண்ணீருக்குள் இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் அழுத்தத்தில் அசையும் துடுப்புச் சிறகுகளை அடிப்பாகத்தில் பொருத்துவது இன்னொரு வழி, செலவு அதிகம். இந்தப் படகில் இருந்தது ஒரு குட்டைப் பாய்மரமும் சிறு பாயும் மட்டுமே. பாய் படகைச் செலுத்தாது. காற்று பக்கவாட்டில் இருக்கும்போது உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஆட்டத்தை ஓரளவு குறைக்கும். காற்றில்லாத அலையில் அதனால் பயனில்லை. அப்போது செய்ய முடிந்தது ஒன்றுதான்: வழியை இருபது டிகிரி மாற்றி அலையைச் சற்று முன்னிருந்தோ பின்னிருந்தோ வாங்குவது. தூரம் கூடும், ஆனால் சோறு இறங்கும்.

மலாக்கா நீரிணையில் விடியற்காலையில் சுமத்ரா என்ற சூறைக்காற்று வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதன் காலம். மேற்கே கறுப்புச் சுவர் போல மேகம் எழும்பி, பத்து நிமிடத்தில் தலைக்கு மேல் வந்துவிடும். கனத்த படகின் அருமை அப்போது தெரிந்தது. எஞ்சினை 1,300 சுற்றுக்குக் குறைத்து, அணியத்தைக் காற்றுக்கு நேராக வைத்துவிட்டால், படகு நகர்ந்தும் நகராமலும் நிற்கும். அலை அணியத்தில் ஏறி, ஓட்டுநர் அறைக் கண்ணாடியில் வந்து அறையும். எஞ்சின் சத்தம் மட்டும் மாறாது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் கிழக்கே போய்விடும்.

சிங்கப்பூரிலிருந்து லங்காவிக்கு ஏறக்குறைய 400 கடல் மைல். பகலில் மட்டும் ஓட்டி, இரவில் நங்கூரமிட்டு, ஏழு நாளில் போனது. நோட்டுக் கணக்கில் எஞ்சின் ஓடியது 63 மணி; ஜெனரேட்டரையும் சேர்த்து டீசல் 530 லிட்டர். அதே நீளமுள்ள, சறுக்கிப் போகும் இரட்டை எஞ்சின் படகு இதைவிட நான்கைந்து மடங்கு குடித்திருக்கும். இரண்டு நாளில் போயும் சேர்ந்திருக்கும். இரவில் ஓட்டாததற்குக் காரணம் மீனவர் வலைகளும் மிதக்கும் மரக்கட்டைகளும். பெரிய கப்பல்களுக்கு நீரிணையில் தனிப் பாதை இருப்பதால் சிறு படகுகள் கரையோரமாகவே போக வேண்டும், வலைகளும் அங்கேதான். நீரோட்டம் சாதகமாக இருந்தால் ஒரு நாட் கூடும். எதிர்த்தால் ஒன்றரை குறையும். ஏழு நாட்டில் ஓடும் படகுக்கு ஒன்றரை நாட் பெரிய இழப்பு. ஆகவே புறப்படும் நேரத்தை முடிவு செய்தது கடிகாரத்தைவிட ஓத அட்டவணை.

உள்கட்டு முழுவதும் தேக்கு. முன்னால் ஒரு படுக்கையறை, பின்னால் ஒன்று, நடுவில் கூடம், இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, 750 லிட்டர் நன்னீர். கூரைமேல் இரண்டாவது ஓட்டுநர் இருக்கை. வெயில் தாழ்ந்த பிறகு அதில் உட்கார்ந்து ஓட்டுவது இந்தப் படகின் மிகப் பெரிய சுகம். எஞ்சின் அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது, உட்கார்ந்தே வேலை பார்க்க வேண்டும். ஆனால் எஞ்சினைச் சுற்றி நாலு பக்கமும் கை போகும். இரட்டை எஞ்சின் படகுகளில் இந்த வசதி கிடையாது, வெளிப்பக்கத்தில் டீசல் தூவும் நாசிலைக் கழற்ற உடம்பை மடக்கி நுழைய வேண்டும்.

நோய்கள் மேல்தளத்திலிருந்து தொடங்கும். அக்காலத்துத் தைவான் படகுகளில் ஃபைபர் தளத்தின்மேல் தேக்குப் பலகைகளைத் திருகாணியால் இறுக்கியிருந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட திருகாணி, ஒவ்வொன்றும் தளத்தில் ஓர் ஓட்டை. ஃபைபருக்கு நடுவில் விறைப்புக்காக ஒட்டுப்பலகை இருக்கும். இருபது வருஷ வெயிலில் பலகைகளுக்கு இடையிலான ரப்பர் வாய் பிளக்க, மழைத்தண்ணீர் திருகாணி வழியே இறங்கி அந்த ஒட்டுப்பலகையை ஊறவைத்து மக்கவைக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தோப்பில் தேங்காய் வாங்க வருகிறவர் காயைத் தட்டிக் காது கொடுப்பது மாதிரி. நல்ல இடம் 'டண்' என்று பதில் சொல்லும். மக்கிய இடம் 'தொப்' என்று அடங்கும். இந்தப் படகில் இடப்பக்க ஓட்டுநர் அறைக் கதவுக்கு வெளியே மூன்றடிக்கு இரண்டடி அடங்கியது. அதைக் கிழித்து, மக்கியதைச் சுரண்டி எடுத்து, புதுப் பலகை வைத்து ஃபைபர் போட இரண்டு வாரம் ஆயிற்று. சுரண்டி எடுத்தது ஈரக் காப்பித்தூள் போல இருந்தது.

டீசல் தொட்டிகளும் அதே தண்ணீருக்குப் பலியாகின்றன. சாதாரண இரும்புத் தகட்டில் செய்த தொட்டியின் மேல்முகத்தில், நிரப்பும் வாயைச் சுற்றித் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். உள்ளேயும் வெப்பநாட்டு ஈரத்தால் தண்ணீர் சேர்ந்து, டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கறுப்புச் சளி வளரும். நிலையாக நிற்கும்போது அது அடியில் கிடக்கும். அலையில் கலங்கி ஃபில்டருக்கு வந்து எஞ்சினை நிறுத்தும், நிறுத்தக்கூடாத நேரம் பார்த்து. கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டர் இருந்தால் அதில் தண்ணீரும் சளியும் கண்ணுக்குத் தெரியும். தொட்டியை மாற்றுவதென்றால் பல படகுகளில் எஞ்சினையே தூக்க வேண்டும். ஆகவே இதைத் தள்ளிப்போடாமல், ஆண்டுக்கு ஒருமுறை அடித்தண்ணீரை வடித்து எடுப்பதுதான் வழி. அடிப்பாகத்து ஃபைபரில் வரும் கொப்புளங்கள் பார்க்கப் பயமாக இருந்தாலும் அவற்றால் மூழ்கிய டிராலர் அரிது. அக்காலத்தில் ஃபைபரைக் கஞ்சத்தனமில்லாமல் தடிமனாகப் போட்டிருந்தார்கள்.

பழைய டிராலரை வாங்க வருகிறவர் பார்க்க வேண்டிய வரிசையும் இதுவே: முதலில் தளத்தைத் தட்டுவது, பிறகு ஜன்னல் ஓரத் தேக்கில் கறுத்த கறை, பிறகு தொட்டியின் மேல்முகம், பிறகு தண்ணீருக்கு வெளியே தூக்கிச் சுக்கானையும் காத்தாடித் தண்டின் தேய்மானத்தையும் பார்ப்பது. எஞ்சினைக் கடைசியாக, ஆனால் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். வாங்குபவர் வருமுன்னே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் ஓட மறுக்கும் எஞ்சின் என்று சந்தேகப்படலாம். ஓடியதும் கொஞ்ச நேரம் வெண்புகை வருவது இயல்பு. நிற்காமல் வரும் வெண்புகை நாசிலையோ கம்ப்ரஷனையோ குறை சொல்லும். நீலப்புகை எண்ணெய் எரிவது. பாரம் ஏறும்போது கரும்புகை வந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது காத்தாடி எஞ்சினுக்கு மிஞ்சியது.

இந்தப் படகு கைமாறிய காலையில், வாங்க வந்தவர் எஞ்சின் அறைக்குள் இறங்கி முதலில் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. மேலே ஏறிச் சாவியைத் திருப்பினார். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. வெண்புகை அரை நிமிடம் தண்ணீர்மேல் படர்ந்து தெளிந்தது. மெக்கானிக் கூடத்தில் நிற்காமல் பின்பக்கம் போய்க் குனிந்தார். குழாய் துப்பிக்கொண்டிருந்தது. மணிக்காட்டியில் 6,412. அந்த எண்ணை நோட்டில் எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார்.